கருப்புத் திரையும் முத்துப் பெட்டியும்

எங்க ஊருல கோவத்துக்குப் பேர் போனது மூணு. ஒண்ணு காளியம்மா, இன்னொண்ணு சித்திர வெயிலு, மூணாவது முருகலட்சுமி. அந்த முருகலட்சுமி நான்தான். காளியம்மாவையும் வெயிலையும் கூடச் சமாளிச்சிரலாம்பாக.

அப்பேர்ப்பட்டவ ஒருத்தியப் பாத்து வாயப் பொளந்து நின்னேன்னா, அது என் ஓரகத்தி சுகந்தியப் பாத்துத்தான். என் கொழுந்தன் பொண்டாட்டி. மல்லாங்கிணத்துக்காரி. பெங்களூரு கம்பெனி வேலைய வீட்டுல இருந்தே பாக்குறா. மாடி ரூமுல லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு, கருப்புத் திரையில வெள்ள எழுத்தா எதையாவது தட்டிக்கிட்டே இருப்பா. ஒரு படம் உண்டா, ஒரு கலரு உண்டா? மழ நாளுல டிவி நின்னு போன கணக்காத்தான் இருக்கும் அவ திரை. "இதுக்கா மாசாமாசம் சம்பளம் குடுக்கான்?"னு எங்க வீட்டுக்காரருகிட்டக் கேப்பேன். அவுக பதில் சொல்ல மாட்டாக. வாயத் தொறந்து பதில் சொல்லிப் பழக்கமே இல்லாத மனுசன் அவுக. அந்தப் பழக்கந்தான் எங்க குடும்பத்து மானத்தக் கப்பலேத்தப் பாத்துச்சு.

எம்.ரெட்டியபட்டியத் தாண்டி உள்ள போனா எங்க ஊரு. பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்கு மொளப்பாரி போடுவோம். ஒரு செவ்வாக்கெழம சாயங்காலம் கொட்டடிச்சுக்கிட்டுப் பொம்பளைக எல்லாம் வீடு வீடா நார்ப்பெட்டியத் தூக்கிட்டுப் போவோம். ஒவ்வொரு வீட்டுலயும் பாசிப்பயறு, தட்டாம்பயறு, கம்பு, சோளம்னு கையில இருக்க தானியத்தப் பெட்டியில போடுவாக. அதுக்குப் பேரு முத்து. எல்லா வீட்டு முத்தும் ஒண்ணாக் கலந்த பெறகு, அதுலருந்துதான் வீட்டுக்கு ஒரு மண் ஓட்டுல மொளப்பாரி வெதைப்போம். முத்து வாங்காத வீட்டுக்கு ஓடும் கெடையாது, ஊர்வலத்துல எடமும் கெடையாது. ஊருக்குள்ள இருந்தும் ஊரு இல்லாதவுக மாதிரி.

இந்த வருசம் எனக்கு அந்த ஓடு வேணும். வேணும்னா வெறும் ஆசைக்கு இல்ல. போன ஐப்பசியில எம்மவ தங்கச்செல்விக்கு டெங்கு வந்து மதுர ஆசுபத்திரியில கெடந்தா. டாக்டர் மொகத்தப் பாக்கவே எனக்குப் பயம். அப்ப நேந்துக்கிட்டேன், "ஆத்தா, இவ எந்திரிச்சு வந்துட்டா இவ தலையிலயே ஒனக்கு மொளப்பாரி எடுக்க வைக்கேன்"னு. புள்ள எந்திரிச்சு வந்துட்டா. ஆத்தா சொன்ன வாக்கக் காப்பாத்திட்டா. பாக்கி நான்தான்.

இந்த நேரத்துலதான் ஊர்க் கூட்டத்துல குண்டு விழுந்துச்சு.

விழாக் கமிட்டித் தலைவரு ஜெகதீஸ்வரன். நாப்பது வயசு, நல்ல நஞ்சையும் புஞ்சையும் உள்ள வீடு, எந்நேரமும் வெள்ள வேட்டி. எங்க ஊருக்குன்னு பேஸ்புக்குல ஒரு குரூப்பு இருக்கு. அதுல அவரு பட்டு வேட்டியோட நிக்கிற போட்டாவப் போட்டு, 'பொங்கலுக்கு அனைவரும் வருக'ன்னு எழுதியிருந்தாரு. அதுக்குக் கீழ எங்க வீட்டுக்காரரு பேருல ஒரு கமெண்டு விழுந்திருக்கு. கூட்டத்துல செல்போனத் தூக்கிக் காட்டி, "கோட்டைச்சாமி என்னையக் கேவலமாப் பேசியிருக்கான். அத என் வாயால சபையில படிக்க மாட்டேன்"னாரு ஜெகதீஸ்வரன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது மனுசனுக்கு.

"நீ போட்டியாப்பா?"ன்னு கேட்டாரு நல்லகண்ணு பெரியமாமா. எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை. ஊருல அவரு சொல்லுதான் தீர்ப்பு. எழுவது வயசுலயும் ஒரு சொல்லு கூடக் குறையப் பேச மாட்டாரு.

"நான் போடல"ன்னாக எங்க வீட்டுக்காரரு. அவ்வளவுதான். அடுத்து வாயத் தொறக்கல. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா எந்தச் சபை நம்பும்?

பெரியமாமா கம்ப ஊனி எந்திரிச்சாரு. "பேரு கோட்டைச்சாமி பேரு. அவன் இல்லைங்கான். யாரு பேசுனாலும் சரி, எந்த வீட்டுச் செல்லுல இருந்து அந்தப் பேச்சு வந்துச்சோ, அந்த வீட்டு முத்து இந்த வருசம் பெட்டியில விழக் கூடாது. அம்புட்டுத்தான் சோலி"ன்னாரு. அம்புட்டுத்தான் சோலின்னு அவரு சொல்லிட்டா அதுக்கு மேல எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

வீட்டுக்கு வந்து நான் ஆடுன ஆட்டத்த நீங்க பாத்திருக்கணும். சொளகு ஒரு பக்கம் பறக்குது, சொம்பு ஒரு பக்கம் பறக்குது. "இல்லன்னு சத்தமாச் சொல்ல ஒமக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?"ன்னு கேக்குறேன். அவுக முத்தத்துல உக்காந்து செல்லப் பாத்துக்கிட்டே இருக்காக. தங்கச்செல்வி கதவோரம் நின்னு அழுகுறா. அதப் பாத்ததும் என் கோவமெல்லாம் எறங்கி நானும் உக்காந்து அழுதேன். வேற என்ன செய்ய? சாமிகிட்டக் குடுத்த வாக்க ஊரு வாங்க மாட்டேங்குது.

அப்பத்தான் மாடியில இருந்து எறங்கி வந்தா சுகந்தி. "அக்கா, மாமாவோட செல்லக் குடுங்க. அந்தக் கமெண்ட யாரும் அழிச்சிராதீக. நான் டேட்டா எறக்கிப் பாக்குறேன்"னா.

"என்னத்த எறக்கப் போற? லோடா?"ன்னேன்.

"நாம பேஸ்புக்குல போட்டது, பேசுனது, எழுதுனது எல்லாத்தையும் அவுக சேத்து வச்சிருப்பாக. எனக்குக் குடுன்னு கேட்டா மூட்டையாக் கட்டிக் குடுப்பாகக்கா."

மறுநா மூட்ட வந்து சேந்துச்சு. நானும் மாடிக்கு ஏறிப் போயி அவ பக்கத்துல உக்காந்தேன். அவ கல்யாணமாகி வந்ததுலருந்து வாசல்ல நின்னு எட்டிப் பாக்குறதோட சரி, அன்னைக்குத்தான் அந்த ரூமுக்குள்ள கால் வச்சேன். நாசமாப் போற அந்தக் கருப்புத் திரைய அன்னைக்குத்தான் ஒழுங்காப் பாத்தேன்.

மூட்டையப் பிரிச்சா, ஆத்தாடி, ஒரே குப்ப. எங்க வீட்டுக்காரரு சோலி மெனக்கெட்டுப் போட்ட குட் மார்னிங்கு எத்தன, ரோசாப்பூ எத்தன! கமெண்டு இருக்க பக்கத்தத் தொறந்தா தமிழெழுத்து ஒண்ணக் கூடக் காணோம். கொத்துப் புரோட்டாக் கணக்கா ஏதேதோ கோடும் கொம்புமாக் கெடக்கு. "போச்சு, எல்லாம் அழிஞ்சு போச்சு"ன்னு நான் தலையில கை வச்சேன்.

"அழியலக்கா. தமிழ மூட்ட கட்டும்போது இப்படித்தான் கசங்கி வரும். தேய்ச்சு எடுத்துரலாம்"னு சொல்லி ஒரே ஒரு வரி தட்டுனா. தட்டுன கைய அவ எடுக்கல, அத்தன கொம்பும் தமிழா நிமிந்து நின்னுச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மந்திரவாதி கூட எலுமிச்சங்கா கேப்பான், இவ ஒண்ணும் கேக்கல.

அடுத்து நேரத்தப் பாத்தா. அதுல மணி, தேதி எதுவும் கெடையாது, நீளமா ஒரு நம்பரு. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவதுலருந்து நொடி நொடியா எண்ணிக்கிட்டே வாரதுக்கா இது"ன்னா. "நான் அப்பப் பொறக்கவே இல்லையேடி, எவன்டி எண்ணுனான்?"னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே இன்னொரு வரி தட்டுனா. நம்பரெல்லாம் தேதியாவும் மணியாவும் மாறிருச்சு. ஜெகதீஸ்வரனப் பேசுன கமெண்டு விழுந்தது விடியக்காலம் நாலர மணிக்கு.

நான் எந்திரிச்சே நின்னுட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு அருப்புக்கோட்டை பஞ்சு மில்லுல ராத்திரி ஷிப்டு. செல்ல மில்லு கேட்டுலயே வாங்கிப் பூட்டி வச்சுக்கிருவாக. விடிஞ்சு வெளிய வரும்போதுதான் கையில குடுப்பாக. "நாலர மணிக்கு இந்த மனுசன் பஞ்சுக்குள்ள கெடந்திருப்பாரு. செல்லு பூட்டுக்குள்ள கெடந்திருக்கும். வாடி, இப்பவே போயி அந்த ஜெகதீச நாலு கேள்வி கேக்குறேன்!"

"உக்காருங்கக்கா. மாமா இல்லைங்கறது நமக்குத் தெரிஞ்சு போச்சு. யாருன்னு தெரிய வேணாமா?"

அதுக்குப் பெறகு அவ செஞ்ச வேல இருக்கே, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். மாமா எப்பவுமே தமிழ இங்கிலீசு எழுத்துலதான் அடிப்பாருன்னு அவளுக்குத் தெரியும். அதுனால கமெண்டுல தமிழெழுத்துல இருக்கத மட்டும் தனியா எடுன்னு ஒரு வரி தட்டுனா. அதுக்குப் பேரு கிரெப்பாம். ஒரு சொல்லக் காட்டுனா அந்தச் சொல்லு இருக்க வரிய மட்டும் பொறுக்கிக் குடுக்கும். பொறுக்குனத சொல்லு சொல்லா ஒடச்சா. ஒடச்சத அகர வரிசையில அடுக்குனா. ஒரே மாதிரி இருக்கதச் சேத்து எண்ணுனா. ஒண்ணு முடிக்க முடிக்க அடுத்ததுக்குள்ள தள்ளிக்கிட்டே போறா. நான் சோளத்தச் சலிச்சு, பொடச்சு, கல்லுப் பொறுக்குற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எனக்கு ஒரு பகல் பிடிக்கிறத அவ எச்சி முழுங்குறதுக்குள்ள முடிச்சிட்டா.

திரையில சொல்லு மேலருந்து கீழ வந்து நின்னுச்சு. ரொம்பத் தடவ வந்த சொல்லு மேல. மொதச் சொல்லு, 'ஆத்தா'. அதுக்குக் கீழ 'முட்டி'. அதுக்குக் கீழ 'அம்புட்டுத்தான்', 'சோலி', 'செவல'. கொஞ்சம் தள்ளி ஒரு பேரு, 'ரேணுகாதேவி'.

செவலப் பசு எங்க தெருவுல ஒரே வீட்டுலதான் நிக்குது. ரேணுகாதேவி அந்த வீட்டு மகதான். கல்யாணமாகி ஏழெட்டு வருசமாப் புள்ள இல்லாம ராசபாளையத்துல இருக்கா.

"அடியாத்தி... நல்லகண்ணு பெரியமாமாவா?"

சுகந்தி அந்த வரிகள ஒவ்வொண்ணாத் தொறந்து காட்டுனா. எவனோ மீன் கொழம்பு வைக்கிற வீடியோவுக்குக் கீழ, 'ஆத்தா முட்டி வலி தாங்கல எந்திரிச்சு நிக்க ஒரு தெம்பக் குடு'. ஜல்லிக்கட்டு வீடியோவுக்குக் கீழ, 'ஆத்தா செவல சினையா நிக்குது நல்லபடியா ஈத்து எடுத்துக் குடு அம்புட்டுத்தான் சோலி'. எல்லாம் விடியக்காலம். புள்ளி, கமா ஒண்ணு கெடையாது. ஜெகதீஸ்வரன் போட்டாவுக்குக் கீழ, 'ஆத்தா இந்த ஜெகதீசுப் பயலுக்குச் சாமியும் தெரியல சனமும் தெரியல ஒன்னைய விட்டுட்டு இவன் மூஞ்சியப் போட்டுருக்கான் நீ கண்ணப் பொத்திக்க'.

"கையால அடிச்சா இப்படி வராதுக்கா. மைக்க அமுக்கிட்டு வாயால பேசியிருக்காரு. பேசப் பேச எழுத்தா விழுந்திருக்கு"ன்னா சுகந்தி. அவ குரலு ஒரு மாதிரியா இருந்துச்சு. "ரேணுகா பேரு வாரத நீங்க படிக்க வேணாம்."

கீழ எறங்கி எங்க வீட்டுக்காரர உலுக்குனேன். அவுக பேஸ்புக்கு இன்னொரு செல்லுலயும் தொறந்து கெடக்கணும்னு சுகந்தி சொன்னா. புதுச் செல்லு வாங்குனப்ப பழைய செல்லு என்னாச்சுன்னு கேட்டதுக்கு, மல்லாங்கிணத்துல செல்போன் கட வச்சிருக்க கோகுல்கிட்ட வித்ததாச் சொன்னாக. கோகுலுக்குப் போனப் போட்டேன். "ஆமாக்கா, ஒங்க ஊருப் பெரியவருதான வாங்கிட்டுப் போனாரு. எல்லாத்தையும் அழிச்சுத் தாரேன்னேன். அதுல கும்மிப் பாட்டு நெறையாக் கெடந்துச்சா, பாட்டோட வேணும், உள்ள இருக்க எதையும் தொடாம அப்படியே குடுன்னுட்டாரு"ன்னான். வீட்ட சட்டி பானையோட வாங்குற மாதிரி வாங்கியிருக்காரு மனுசன். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு பேஸ்புக்கும் குடியிருந்திருக்கு.

எனக்கு வந்துச்சே ஆங்காரம்! "மைக் செட்டுக்காரனக் கூப்புடு. ஊரு நடுவுல நின்னு ஒவ்வொண்ணாப் படிக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாதாம், ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல வந்துட்டாரு!"

சுகந்தி லேப்டாப்ப மூடுனா. "அக்கா, இதெல்லாம் அவரு சாமிகிட்டச் சொன்னது. நாம படிச்சதே சரியில்ல. மொதல்ல அவருகிட்டப் போவோம்."

சொருகுன முந்தானைய எறக்கி விட்டேன். நானே எறக்கி விட்டேன்னா பாத்துக்கோங்க. அறிவுக்காரின்னு அந்தக் கருப்புத் திரையப் பாத்தே ஒத்துக்கிட்டேன். மனசும் இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என் வயசுல பாதிதான் இருக்கும் அவளுக்கு.

பெரியமாமா தொழுவத்துல செவலைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. சுகந்தி பக்கத்துல போயி, முட்டி வலி வரியையும் செவல வரியையும் மட்டும் மெதுவாச் சொன்னா. அவரு கையில இருந்த வாளி சாஞ்சிருச்சு.

"இது ஆத்தாகிட்டச் சொன்னதாச்சே தாயீ. ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவரு செல்ல வாங்கிப் பாத்தோம். எங்க வீட்டுக்காரரு பேஸ்புக்குல தன் மூஞ்சிக்குப் பதிலா நம்ம அம்மன் படத்தத்தான் வச்சிருந்தாக. பேரு இங்கிலீசுல இருக்கு, பெரியமாமாவுக்கு இங்கிலீசு தெரியாது. எந்த வீடியோவத் தொறந்தாலும் கீழ சின்னதா அம்மன் படம், பக்கத்துல ஒரு மைக்கு. அவரு என்ன நெனப்பாரு? ஆத்தாவே வந்து, என்னடா வேணும் சொல்லுன்னு கேக்குற மாதிரித்தான இருக்கும்!

"மைக்க அமுக்குனா ஆத்தா கேப்பான்னு நெனச்சேன். சொல்லி முடிச்சதும் அந்த அம்புக்குறிய அமுக்குனா அவகிட்டப் போயிச் சேந்துரும்னு நெனச்சேன். ஊரு பூராப் போயிச் சேந்துருச்சா?"ன்னு கேட்டாரு. அந்தக் குரல நான் அவருகிட்ட ஒருநாளும் கேட்டதில்ல.

"இல்ல பெரியமாமா. பேஸ்புக்குல அடுத்தவுக எழுதுனத எவனும் படிக்கிறதில்ல. ஜெகதீஸ்வரன் மட்டுந்தான் தன்னோடதப் படிச்சிருக்காரு"ன்னு சொல்லி, அவரு கண்ணு முன்னாலயே ஒவ்வொண்ணா அழிச்சா சுகந்தி. ரேணுகா பேரு வந்தத மொதல்ல அழிச்சா. ஜெகதீஸ்வரனப் பேசுனது மட்டும் மிஞ்சுச்சு.

"அது கெடக்கட்டும். அத நான் பாத்துக்கிறேன்"னாரு பெரியமாமா.

செவ்வாக்கெழம சாயங்காலம் கொட்டுச் சத்தம் கேட்டதும் ஊரே கோயில் முன்னால கூடிருச்சு. பெரியமாமா கம்ப ஊனி நின்னாரு. "கோட்டைச்சாமி பேசல. அந்தப் பேச்சு என் வீட்டுச் செல்லுல இருந்து வந்தது. பேசுனதும் நான்தான். ஜெகதீசு, ஆத்தாகிட்டச் சொன்னேன்னு நெனச்சு ஒங்கிட்டயே சொல்லிப்புட்டேன், மன்னிச்சுக்கப்பா. தீர்ப்பு ஒரு வீட்டுக்கு ஒண்ணு, இன்னொரு வீட்டுக்கு ஒண்ணு கெடையாது. கோட்டைச்சாமி வீட்டு முத்து எடுங்க. என் வீட்டு முத்து விழக் கூடாது. அம்புட்டுத்தான் சோலி"ன்னாரு.

ஜெகதீஸ்வரன் எங்க பாக்குறதுன்னு தெரியாம வேட்டி நுனியத் திருகிக்கிட்டு நின்னாரு. கொட்டு திரும்பவும் கெளம்புச்சு.

அவரு வீடு எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல. நான் வாசல்ல சொளகு நெறைய முத்தோட நிக்கிறேன், பக்கத்துல தங்கச்செல்வி புதுப் பாவாட தாவணியில நிக்கிறா. என் நெஞ்சு குளுந்து கெடக்கு. பெட்டி வருது. எதுத்த வீட்டு வாசல்ல பெரியமாமா சம்சாரம் மூக்கம்மா அத்தையும் சொளகோட நிக்கிறாக. அவுகளுக்கு யாரும் வெவரம் சொல்லல போலருக்கு. பெட்டி அவுகளத் தாண்டிருச்சு. நீட்டுன சொளக அவுக மடக்கல. அந்தச் சொளகுல யாருக்கான வேண்டுதலு கெடக்குன்னு எனக்குத்தான தெரியும். ராசபாளையத்துக்காரிக்கு.

ஒரு வாரம் நான் நின்ன நிலை அது.

விடுவிடுன்னு தெருவத் தாண்டிப் போனேன். "அத்த, இங்க குடுங்க"ன்னு அவுக சொளக வாங்கி என் சொளகுல கவுத்தேன். கைய விட்டுக் கிண்டிக் கலந்தேன். பெட்டிய நிறுத்தச் சொல்லி அப்படியே கொட்டுனேன்.

"ஏத்தா, என்ன காரியம் பண்ணுற நீ?"ன்னு பெரியமாமா பதறி ஓடி வந்தாரு.

"எங்க வீட்டு முத்தப் போட்டேன். இதுல எது ஒங்க வீட்டுப் பாசிப்பயறு, எது எங்க வீட்டுப் பாசிப்பயறுன்னு பிரிச்சுக் காட்டுங்க. ஒங்களத மட்டும் திருப்பி எடுத்துக்கிறேன்"னேன்.

அவரு பெட்டியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. மொதல்ல சிரிச்சது ஜெகதீஸ்வரன்தான். "ஏலே, என்ன வேடிக்க பாக்குறீக? கொட்ட அடிங்கலே!"ன்னு சத்தம் போட்டாரு. மூக்கம்மா அத்த முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு விம்மி விம்மி அழுதாக. தங்கச்செல்வி போயி அவுக கையப் புடிச்சுக்கிட்டா.

எங்க வீட்டு வாசப்படியில சுகந்தி நின்னுக்கிட்டு இருந்தா. கூட்டத்துக்கு நடுவுல இருந்தே அவளக் கேட்டேன்.

"ஏன்டி, ஒன் கருப்புத் திரையில தட்டுனா இந்த முத்தப் பிரிச்சிருமா?"

"அதுக்குக் கமாண்டு இல்லக்கா"ன்னா.

இல்லாமலே இருக்கட்டும்டின்னு சொல்லிட்டு நான் கொலவை போட்டேன்.